ரசீது கிடைத்தது: ஓர் உடற்கொடைச் சேவையின் மதிப்புரை

துவைக்கும் இயந்திரத்துக்கும் பிரியாணிக் கடைக்கும் மதிப்புரை எழுதுகிறவர்கள், மருத்துவக் கல்லூரிகளின் உடற்கொடைச் சேவைக்கு எழுதுவதில்லை. சேவையைப் பெற்றவர் திரும்பி வந்து குறைநிறை சொல்ல வழியில்லை என்பது ஒரு காரணம். அதை ஒரு சேவை என்று நாம் நினைப்பதே இல்லை என்பது இன்னொன்று. ஒருவர் கொடுக்கிறார், கல்லூரி வாங்கிக்கொள்கிறது, இதில் யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. என் அப்பா 2012-இல் படிவத்தில் கையெழுத்திட்டார், 2023-இல் ஒப்படைக்கப்பட்டார். படிவத்தில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் நான் ஒருத்தி; அன்றைக்கு வண்டியில் உடன் போனவளும் நான்தான். அதனால் இதை எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தென்மாவட்டங்களில் ஒன்றில் இருக்கிற அரசுக் கல்லூரி என்பது போதும். இதே வழியில் போன வேறு சில குடும்பங்களோடு பேசியதில், நான் சொல்லும் குறைகள் ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் சேவை இன்னதென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை உறுப்புக்கொடையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலியவற்றை எடுத்து நோயாளிகளுக்குப் பொருத்துவது உறுப்புக்கொடை. அதற்கு 1994-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அப்படிக் கொடுத்தவர்களின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவிப்பும் வந்தது. உடற்கொடை என்பது இயல்பாக இறந்தவரின் முழு உடலையும் கல்லூரியின் உடற்கூறியல் துறையிடம் ஒப்படைப்பது. முதலாண்டு மாணவர்கள் அதை அறுத்துப் படிப்பார்கள். கண்களை மட்டும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு உடலைக் கொடுக்கலாம். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக வாங்குவதில்லை. ஏன் என்று அப்பா விசாரித்து வைத்திருந்தார்: தொடையிலோ கழுத்திலோ ஒரு தமனியைத் திறந்து, அதன் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தை உடலெங்கும் செலுத்தித்தான் அதைக் கெடாமல் வைக்கிறார்கள், உள்ளே குழாய்கள் அறுபட்டிருந்தால் திரவம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. "ஹோஸ் அறுந்த வண்டிக்கு ஆயில் ஊத்துற மாதிரி" என்று அவர் அதை எங்களுக்கு விளக்கினார்.

அவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக இருந்து 2009-இல் ஓய்வு பெற்றவர். பிறந்தது 1951. இந்த மாநிலத்தின் உடற்கூறியல் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். அந்தப் பொருத்தத்தைப் பின்னாளில் கண்டுபிடித்து, ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கு இருக்கக் கூடாத மகிழ்ச்சியுடன் சொல்லித் திரிந்தார். பெரியார் கூட்டங்களுக்குப் போய்ப் போய்ச் சிந்தனை உருவான தலைமுறை. அவருக்கும் அம்மாவுக்கும் 1978-இல் நடந்தது சுயமரியாதைத் திருமணம். அத்தகைய திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்த 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வந்தவர்கள் என்பதால் அதில் அவர்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. அம்மா சாமி கும்பிடுகிறவர். சமையலறை அலமாரியில் முருகன் படமும் முன்னறையில் பெரியார் படமும் இருந்தன. நடுவில் இருந்த கதவை யாரும் சாத்தியதில்லை.

ஓய்வுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. விடியற்காலை முதல் வண்டி கிளம்புவதற்கு முன் பிரேக்கும் டயரும் பார்த்துக் கொடுத்துப் பழகியவர், ஒரு நாளின் பதினாறு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வயதுக்காரர்களில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை; பிரதோஷம், கிருத்திகை, சஷ்டி, பௌர்ணமி என்று அவர்களுக்கு மாதம் தானாகவே நிரம்பிவிடும், தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழித்தாலே அன்றைக்கு ஆக வேண்டியது அதில் அச்சிட்டிருக்கும். அப்பாவின் நாள்காட்டியில் பெரியார் பிறந்த செப்டம்பர் 17 இருந்தது, அவர் மறைந்த டிசம்பர் 24 இருந்தது. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாள்கள் வெறுமையாக இருந்தன. கடவுள் இல்லை என்று சொல்லிக்கொடுத்த கூட்டங்கள் எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதை அவருக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தன. விட்ட பிறகு மிஞ்சும் மாலை நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது எந்தக் கூட்டத்தின் துண்டறிக்கையிலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருநாள், நான் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, "சாமி நம்மள எதுக்குப் படைச்சான்னு கேக்க வேண்டியதில்ல, சரி. அப்ப நாம எதுக்கு இருக்கோம்னு யாருகிட்டம்மா கேக்குறது?" என்றார். எனக்கு அன்றைக்கு வேறு கவலைகள். பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக் கொடுங்கள் என்று பேச்சை மாற்றினேன்; கட்டிக் கொடுத்தார்.

படிவம் வீட்டுக்குள் வந்த கதை மேற்கு வங்கத்தின் முன்னாள் முதலமைச்சரும் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவருமான ஜோதி பாசுவின் மரணத்தில் தொடங்குகிறது. 2010 ஜனவரி 17-ஆம் நாள் அவர் இறந்து, பெருங்கூட்டத்தின் அஞ்சலிக்குப் பிறகு அவருடைய உடல் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டதைச் செய்தித்தாளில் படித்த அப்பா, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து மின்கட்டண அட்டையோடு வைத்துக்கொண்டார். அரசியலில் அவர் அந்தக் கட்சிக்காரர் அல்லர். ஒரு முதலமைச்சராக இருந்தவர் முதலாண்டு மாணவர்களின் மேசைக்குப் போனார் என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அம்மாவைச் சம்மதிக்க வைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. குடும்பத்தார் எதிர்த்தால் இறந்தவர் என்ன எழுதி வைத்திருந்தாலும் கல்லூரி வாங்காது என்பதால் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது. கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: "எனக்கு முந்தி நீங்க போகக் கூடாது. அப்படின்னா போடுறேன்." அப்பா ஒப்புக்கொண்டார். அதுதான் அவர் மீறிய ஒரே ஒப்பந்தம்.

இப்படிக் கொடுப்பதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. இரண்டுமே தத்துவப் புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல. ஐ.டி.ஐ.யில் சேர்ந்த முதல் வாரத்தில் அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது கண்டம் செய்யப்பட்ட ஒரு பேருந்தின் என்ஜின். இனி ஓடவே போவதில்லை என்று எழுதிக் கொடுக்கப்பட்ட அதைப் பிரித்து, பிஸ்டனையும் வால்வையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் அவர் தொழில் கற்றார். "ஓடுற வண்டியில எவனும் கத்துக்க முடியாது, விடவும் மாட்டான். கண்டமான வண்டிதான் வாத்தியார்" என்பார். இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. உடற்கூறியல் சட்டங்கள் எல்லாமே அடிப்படையில் உரிமை கோரப்படாத பிணங்களைக் கல்லூரிக்குக் கொடுப்பதற்காக எழுதப்பட்டவை. சாலையோரத்திலும் ரயில் நிலையத்திலும் அநாதையாக இறந்தவர்களின் உடல்களில்தான் நம் மருத்துவர்களில் பெரும்பாலோர் படித்தார்கள். "கேப்பாரில்லாதவனத்தான் கெடத்தணுமா? கேப்பாருள்ளவன் ஒருத்தனும் போயிப் படுக்கட்டும்" என்று அப்பா சொன்னபோது, சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர் அந்த மேசையை என்னவாகப் பார்த்தார் என்று எனக்கு விளங்கியது. ஊரில் அப்படியொரு பொது இடம் வேறு இல்லை.

இந்தச் சேவையின் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், பதிவு செய்த நாளுக்கும் ஒப்படைத்த நாளுக்கும் இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் என்பேன். கல்லூரி அதற்காக எதுவும் செய்யவில்லை; ஒரு சிறிய அட்டையைக் கொடுத்தது, அவ்வளவுதான். அப்பா அதை பஸ் பாஸுக்குப் பின்னால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சர்க்கரை நோயை அதுவரை ஒரு வதந்தியைப் போலக் கருதி வந்தவர், மாதம் தவறாமல் ரத்தம் பார்க்கத் தொடங்கினார். காலில் பட்ட சிறு காயத்துக்குக்கூட மருந்து போட்டார். கேட்டால், "காலு அழுகிப்போனா வாங்க மாட்டானாம்மா. ஒப்புக்கிட்ட சரக்க நல்லபடியா ஒப்படைக்கணும்" என்றார். தன் உடலைத் தன் சொத்தாக நினைத்த காலத்தில் அதைப் பேணாத மனிதர், அது யாரோ பெயர் தெரியாத பிள்ளைகளின் பொருள் என்று ஆன பிறகு பேணினார். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையுள்ளவர்கள் உடலை இறைவன் தந்த கோயில் என்று சொல்லிப் பேணுவதும் ஏறத்தாழ இதே வழிதான். பொருளுக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர் என்று ஆகிவிட்டால் காவல்காரனுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. அப்பாவுக்கு அந்தச் சொந்தக்காரர் வானத்தில் இல்லை, கல்லூரி விடுதியில் இருந்தார்.

அடுத்து அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்குப் படிவம் வாங்கி வருவது, நிரப்பிக் கொடுப்பது, வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் பேசுவது, மருத்துவக் கல்லூரிக்கு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ப்பது என்று அது ஒரு முழுநேர வேலையாகிவிட்டது. அவர் இறந்தபோது அந்த நோட்டில் இருபத்தாறு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரத்தப் பிரிவும், வீட்டில் யார் தடை சொல்கிறார் என்ற குறிப்பும் இருந்தன. "மருமகன் ஒத்துக்கல. தீபாவளிக்கு வரும்போது பேசணும்" என்று ஒன்று. தேநீர்க் கடையில் அவர் அடிக்கடி சொல்லும் கதை ஜெரமி பெந்தாம் கதை: 1832-இல் இறந்த அந்த ஆங்கிலத் தத்துவவாதி தன் உடலைப் பொதுவில் அறுத்துப் பாடம் நடத்தச் சொல்லி எழுதி வைத்ததையும், எஞ்சிய எலும்புக்கூட்டுக்கு அவருடைய உடைகளையே போட்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் உட்கார வைத்திருப்பதையும் ரசித்துச் சொல்லிவிட்டு, "செத்தும் நாற்காலி கேக்குதா பாரு" என்று முடிப்பார். தனக்கு அப்படி ஏதும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் திண்ணையில் கேட்ட கேள்வியை அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேட்க நேரமில்லாமல் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அது கல்லூரியின் தவறன்று, ஏற்பாட்டின் உள்ளேயே இருப்பது. நோட்டில் நான்காவது பெயராக இருந்தவர் அப்பாவோடு வேலை பார்த்த நடத்துநர். 2019-இல் சைக்கிளில் போகும்போது வேன் இடித்து இறந்தார். விபத்து என்பதால் பிரேதப் பரிசோதனை, பரிசோதனை நடந்ததால் கல்லூரி ஏற்கவில்லை. அவருடைய மகன் எங்கள் வாசலில் நின்று, "அப்பாவ வேணாம்னுட்டாங்க மாமா" என்று சொன்ன குரலை நான் மறக்கவில்லை. மஞ்சள் காமாலை வகைகள் சில, காசநோய், எச்.ஐ.வி., ரத்தத்தில் பரவிய தொற்று எனத் திருப்பி அனுப்பக் காரணங்கள் நிறைய உண்டு. அறுக்கப்போகும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அவை தேவை. கொரோனா காலத்தில் பதிவு செய்திருந்த எத்தனையோ பேர் வேறு வழியில்லாமல் எரிக்கப்பட்டார்கள். பிறருக்குப் பயன்படுவதுதான் வாழ்க்கையின் பொருள் என்று ஒருவர் முடிவு செய்துகொண்டால், பயன்படாமல் போனவரின் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வி உடனே பின்னால் வந்து நிற்கிறது. கோயில் யாரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில்லை என்று எழுத நினைத்தேன். நம் நாட்டுக் கோயில்களின் வரலாறு நினைவுக்கு வந்ததால் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். அப்பா அந்தப் பையனிடம் சொன்னது இது: "கையெழுத்துப் போட்ட அன்னிக்கே உங்கப்பா குடுத்துட்டாருப்பா. வாங்காதது அவுங்க பாடு." நன்றாக எரியூட்டிவிட்டு வந்தார்கள். அந்தப் பதில் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை, ஆனால் அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி அந்த நாள். 2023 ஜூலையில் ஒரு வியாழன் இரவு பதினொன்றரை மணிக்கு அப்பா தூக்கத்திலேயே போனார். கண்களை எடுக்க வந்த குழுவைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் வந்தார்கள், இருபது நிமிடத்தில் முடித்தார்கள், போகும்போது வாசலில் நின்று கைகூப்பினார்கள். உடற்கொடை அட்டையில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்தான் விடிய விடிய அடித்துக்கொண்டே இருந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் என்று அதில் போட்டிருந்தது. எந்த இருபத்துநான்கு என்று போடவில்லை. காலை எட்டரைக்கு ஒருவர் எடுத்து, வண்டி பழுது, நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்றார். தனியார் அமரர் ஊர்திக்கு 2,800 ரூபாய் ஆனது. மெக்கானிக்கை ஏற்ற வர வேண்டிய வண்டி பழுதாகி நின்றதைக் கேட்டு என் தம்பி சிரித்துவிட்டான், பிறகு அழுதான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. இதற்கு அந்த வழக்கம் பொருந்தாது என்பதால் அம்மாவும் நானும் வண்டியில் ஏறினோம். கடைசி நாற்பது கிலோமீட்டரும் நாங்கள் அவரோடு இருந்தோம் என்பதை இந்த ஏற்பாட்டின் நிறைகளில் முதன்மையானதாகக் குறிக்கிறேன். உடற்கூறியல் துறை பழைய கட்டடத்தின் பின்புறம் இருந்தது. மருத்துவரின் இறப்புச் சான்று, ஆதார் நகல்கள், வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் எல்லாம் கொண்டுபோயிருந்தோம். காவல் நிலையத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அறிவுரைத் தாளில் அது இல்லை. தம்பி கடிதம் வாங்கி வர இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை.

பிறகு துறையின் உதவியாளர் ஒருவர் வந்தார். நடுவயது, காக்கிச் சட்டை, காதில் சொருகிய பேனா. ஸ்ட்ரெச்சரைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். யாரும் சொல்லிச் செய்ததாகத் தெரியவில்லை. உள்ளே கொண்டுபோய்ச் சில நிமிடங்கள் கழித்து வெளியே வந்து, செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார்: அரைஞாண் கயிறு, அதில் கோத்திருந்த அலமாரிச் சாவி, மூக்குக் கண்ணாடி. "சாவிய மறந்துறாதீங்கம்மா, அப்புறம் அலமாரிய ஒடைக்கணும்" என்றார். அன்றைக்கு எங்களிடம் பேசியவர்களில் நாளைக்கும் எங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது என்பதை நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அலுவலகத்தில் ஒரு ரசீது கொடுத்தார்கள். "ஆண் பிரேதம் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று தட்டச்சு செய்து, பெயருக்கு விடப்பட்ட கோட்டில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்திட்டுத் தந்தார்கள். அதைத் திருத்தி வாங்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

சேவை அத்தோடு முடிந்தது. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. மூன்றாம் நாள் பால் தெளிக்கச் சாம்பல் இல்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐயர் இல்லை. இயக்கத் தோழர்கள் வந்து படத்திறப்பு நடத்தினார்கள். கடவுளை விட்டவர்களுக்காக நம் ஊர் கண்டுபிடித்த நிகழ்வுகளில் படத்திறப்பு உண்மையிலேயே நல்ல ஒன்று: ஊரைக் கூட்டுகிறது, இறந்தவரின் பெயரைச் சொல்கிறது, சாப்பாடு போடுகிறது. ஆனால் அன்றைக்கு ஒலிவாங்கியில் பேசிய ஒன்பது பேரும் ஆண்கள்; அப்பாவின் கொள்கை உறுதியைப் பற்றிப் பேசினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த அம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, "எங்க போயி நிக்கிறதும்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. பெரியார் 1973-இல் இறந்தபோது சென்னையில் பெரியார் திடலில் அடக்கம் செய்தார்கள், அண்ணாவை 1969-இல் கடற்கரையில் அடக்கம் செய்தார்கள். போய் நிற்க இடமும் பூ வைக்கக் கல்லும் அங்கே இருக்கின்றன, இறைமறுப்பாளர்களும் ஆண்டுதோறும் போய் நிற்கிறார்கள். எங்களிடம் ஓர் எழுத்துக் குறைந்த ரசீது இருக்கிறது. இறந்தவருக்குச் சடங்கு வேண்டியதில்லை என்பது சரி. இருப்பவர்களுக்கு ஓர் இடமும் ஒரு தேதியும் வேண்டும் என்பதை இந்தச் சேவையை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

உறவுக்காரர் ஒருவர், பிள்ளைகள் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்று காதுபடச் சொன்னார். இதுவும் இந்தச் சேவையோடு இலவசமாக வருவது, தயாராக இருங்கள்.

இதை வேறு விதமாகச் செய்ய முடியாது என்றும் சொல்வதற்கில்லை. தாய்லாந்தில் இப்படிக் கொடுக்கப்பட்ட உடலைப் "பெரிய ஆசிரியர்" என்று அழைக்கிறார்கள், படிப்பு முடிந்ததும் மாணவர்கள் முன்னின்று இறுதி மரியாதை செய்கிறார்கள். தைவானின் த்சு ச்சி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொடையாளரின் குடும்பத்தைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கத்தியைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் பௌத்தம் இருக்கிறது என்பது உண்மை. மதம் சாராத ஓர் அரசுத் துறை அதைச் செய்யுமா என்பதுதான் கேள்வி. செய்யத் தொடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், பிரேதமே நம் முதல் ஆசிரியர் என்ற பொருளில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. பல கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் அறுவைக் கூடத்துக்குள் நுழையும் நாளில் உறுதிமொழி எடுக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அந்த நாளில் நாங்களும் வரலாமா என்று துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். இதுவரை யாரும் கேட்டதில்லையாம், வாருங்கள் என்றார். அறுவைக் கூடத்துக்குள் விடவில்லை, விடவும் கூடாது. வகுப்பறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். தேய்த்த மடிப்பு கலையாத வெள்ளைக் கோட்டுகளில் நூறு பிள்ளைகள் எழுந்து நின்று, இந்த உடலை மதிப்போம், இதன் மறைவைக் காப்போம், இது தந்த அறிவை நோயாளிகளுக்குத் திருப்பித் தருவோம் என்ற பொருளில் வாசித்தார்கள். கொடையாளர்களின் பெயர்களை வாசிக்கவில்லை. அடையாளத்தை மறைக்க வேண்டும் என்ற விதி இருப்பது தெரியும், ஆனால் அந்த ஆண்டு கொடுத்தவர்களின் பெயர்களை, எந்த மேசையில் யார் என்று சொல்லாமலே, ஒருமுறை வாசித்திருக்கலாம். முடிந்ததும் துறைத் தலைவர் அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அம்மா கொஞ்சம் தயங்கி, "பிள்ளைங்க சாப்பிட்டுட்டுத்தான் வருதுங்களா?" என்று கேட்டார். முதல் வாரம் ஃபார்மலின் நெடியில் பலர் சாப்பிடுவதில்லை, இரண்டொருவர் மயங்கியும் விழுவார்கள் என்று அவர் உண்மையைச் சொன்னார். "சாப்பிடாம வேலைக்கு வந்தா அவருக்குப் பிடிக்காது. ஷெட்டுல பசங்களத் திட்டி அனுப்பிருவாரு" என்றார் அம்மா. அந்த மருத்துவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மரியாதைக்காகக் குறித்தாரா, மாணவர்களிடம் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதியை அம்மா வட்டமிட்டு வைத்திருக்கிறார், கந்த சஷ்டிக்கு வட்டமிடும் அதே சிவப்புப் பேனாவால்.

மதிப்பெண் என்று கேட்டால், பதிவுக்கு ஐந்துக்கு ஐந்து, ஏற்புக்கு இரண்டு, அதன் பிறகான காலத்துக்குச் சுழியம். அந்த உதவியாளருக்குத் தனியாக ஐந்து. 2022 ஜனவரியில் மட்டும் இந்த மாநிலத்தில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் புதிதாகத் திறக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேசைகள் இருக்கின்றன, ஆகவே பெரும்பாலும் உங்கள் மாவட்டத்திலேயே விசாரித்தால் போதும். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. வாரிசுகள் அனைவரையும் முதலிலேயே பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டுப் போங்கள், வெளியூரில் இருக்கும் மருமகனையும் சேர்த்து. காவல் நிலையக் கடிதம் தேவையா என்று பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு, பதிலை அட்டையின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் உள்ள எண்ணை ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு அழைத்துப் பாருங்கள். ரசீது தரும்போது பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்; தவறிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பேனா கொண்டுபோங்கள், அலுவலக மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனா எழுதாது.